பித்தநாளம்

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுசெல்லும் குழாயின் பெயரான பித்தநாளம், வடமொழிவழி வந்த இரு சொற்களின் கூட்டு. உட்டுளையுள்ள தாமரைத் தண்டைக் குறித்த நாளம் பின்னர் உடலின் குழாய்களுக்கும் பெயராயிற்று. மீனை அறுத்துச் சுத்தம் செய்யும்போது பித்தப்பை உடைந்தால் கறி கசந்துபோகும் என்பதைத் தூத்துக்குடிக் கடற்கரையினர் நன்கறிவர் ஆதலால், பித்தம் என்பதற்கு அங்கே விளக்கம் வேண்டுவதில்லை. நோயறிதலுக்கு முதன்மையானது உட்டுளை என்னும் பொருளே: சிசுவுக்கு அத்துளை அடைபட்டு அழிவது பித்தநாள இன்மை, நாளம் பிறவியிலேயே அளவுமீறி விரிந்திருப்பது பித்தநாள நீர்க்கட்டி, இதனை மருத்துவர் தோடானி 1977இல் ஐந்து வகைகளாகப் பிரித்தார். முதலில் அல்ட்ராசவுண்ட் சுருங்கிய பித்தப்பையையோ விரிந்த நாளத்தையோ காட்ட, கதிர்வீச்சில்லாத எம்.ஆர்.சி.பி. என்னும் காந்த அதிர்வுப் படம் நாளத்திலுள்ள நீரையே வெண்மையாக்கி அதன் முழு வடிவையும் புலப்படுத்துகிறது. சிசுவுக்குக் காமாலை இரு வாரங்களைக் கடந்து நீடித்து மலமும் வெளிறினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. பித்தநாள இன்மைக்கான, காசாய் எனப்படும் அறுவை முதல் இரு மாதங்களுக்குள் செய்யப்பட்டால்தான் பெரும்பயன் தரும். 1998இல் தில்லியில், இந்தியாவில் குழந்தைக்கு முதன்முதலாக வெற்றிபெற்ற கல்லீரல் மாற்றுச் சிகிச்சைக்கு உள்ளான காஞ்சிபுரத்துச் சிறுவனுக்கு இருந்ததும் இந்நோயே.