பிறரைத் தாங்கிய இசை

ஓர் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவரை அவையோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பாடுபவரைப் பார்க்கிறோம், முன்னின்று கிட்டார் மீட்டுபவரைப் பார்க்கிறோம். நான்கு தடித்த தந்திகளில் மந்தர ஒலி எழுப்புபவரோ பின்வரிசையில் நிற்கிறார். ஆயினும் அவ்வொலி நின்றுவிட்டால் பாட்டு தள்ளாடுகிறது. கட்டடத்தின் கடைக்காலைப் போலக் கண்ணில் படாமலே தாங்குவது அதன் இயல்பு.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் மின்னாற்றலால் ஒலிக்கும் பேஸ் கிட்டாரை 1951-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் நாரிஸ்டவுன் நகரில் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பிறந்தார். அக்கருவியைப் பின்வரிசையிலிருந்து முன்னுக்கு அழைத்துவந்தவர் இவரே.

தந்தை பாடகர்; டிரம்ஸ் வாசிப்பவர். ஜாக்கோ சிறுவனாய் இருக்கையிலேயே குடும்பம் ஃபுளோரிடாவில் குடியேறியது. வில்டன் மேனர்ஸ் என்னும் சிறு நகரில், புனித கிளமெண்ட் கத்தோலிக்கப் பள்ளியில் அவர் பயின்றார். அடுத்திருந்த ஆலயத்தில் பீடச்சிறுவனாகத் திருப்பலிக்குத் துணைசெய்தார். இந்நகரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தந்தையைப் போல டிரம்ஸ் வாசிக்கவே மகனும் விரும்பினார். பதின்மூன்று வயதில் விளையாட்டுத் திடலில் மணிக்கட்டு முறிந்தது. 'லாஸ் ஓலாஸ் பிராஸ்' என்னும் உள்ளூர்க் குழுவில் பேஸ் வாசித்தவர் விலகவே, அவ்விடம் ஜாக்கோவுக்கு வாய்த்தது. பின்னர் முயன்று வாங்கிய பெரிய மரப் பேஸ் கருவி, ஃபுளோரிடாவின் ஈரக்காற்றில் வெடித்துப்போயிற்று. ஆகவே மின் கிட்டாரிலேயே அம்மர ஒலியைத் தேடினார். வீணையின் மெட்டுகளைப் போல அதன் கழுத்தில் பதிந்துள்ள உலோகக் கம்பிகள் இல்லாத கருவியைக் கையாண்டார். படகுகளுக்குப் பூசும் பிசினை விரற்பலகையின்மேல் பூசினார். சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுக்கிச் செல்ல, தந்தி மனிதக் குரலைப் போலப் பேசத் தொடங்கியது.

1972-இல் வெய்ன் காக்ரனின் குழுவில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றினார். பல கருவிகளுக்கு இசை அமைத்தெழுதும் கலையை அங்கே கற்றார். கிட்டார் கலைஞர் பாட் மெத்தினியுடன் இணைந்து வாசித்த தொகுப்பு 1976-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் வந்த அவரது சொந்த இசைத்தட்டின் முதல் உருப்படி, சார்லி பார்க்கரால் புகழ்பெற்ற 'டோனா லீ'. காங்கோ முழவு மட்டுமே துணையிருக்க, விரைந்தோடும் அம்மெட்டு முழுவதையும் பேஸ் கிட்டாரே பாடியது.

உலகின் தலைசிறந்த பேஸ் கலைஞன் தானே என்று தம்மிடம் அறிமுகம் செய்துகொண்ட இவ்விளைஞரை ஜோ சாவினுல் முதலில் விரட்டினார். பிறகு 1976-இல் தமது 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் சேர்த்துக்கொண்டார். 1977-இல் வெளியான 'ஹெவி வெதர்' அக்குழுவின் புகழை உலகெங்கும் பரப்பியது. பாடகி ஜோனி மிட்சலின் பாடல்களுக்கும் ஜாக்கோவின் விரல்கள் துணைநின்றன. 1981-இல் தம் சொந்தக் குழுவின் 'வேர்ட் ஆஃப் மவுத்' தொகுப்பில், ஆலய இசைப்பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட பாக்கின் படைப்பொன்றையும் தம் தந்திகளில் எழுப்பினார்.

ஆனால் உள்ளே வேறொன்று சரிந்துகொண்டிருந்தது. தொடக்கத்தில் மதுவை விலக்கியவர், புகழின் நாள்களில் அதற்கு ஆட்பட்டார். 1982-இல் ஜப்பானியப் பயணத்தில் அவரது நடத்தை மாறியது. இருமுனை மனநோய் என்று மருத்துவர்கள் கண்டனர். களிப்பின் உச்சிக்கும் துயரின் பாதாளத்துக்கும் மாறிமாறி இழுக்கும் நோய் அது. குழுக்கள் கைவிட்டன, நியூயார்க்குப் பூங்காக்களில் வீடற்றவராய் அலைந்தார். 1986-இல் அவரது கருவியும் களவுபோயிற்று. உறவினர் முயற்சியால் பெல்வியூ மருத்துவமனையில் சிகிச்சை பெற்று ஃபுளோரிடா திரும்பியும், தெருவாழ்க்கை அவரை விடவில்லை.

1987 செப்டம்பர் 11. அன்று ஓர் இசை அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர், பின்னிரவில் ஓர் இரவு விடுதிக்குச் சென்றார். உள்ளே விட மறுத்தார்கள். அவர் கதவை உதைத்தார். காவலரின் அடியில் மண்டையோடு சிதைந்தது. நினைவு திரும்பாமலே செப்டம்பர் 21-ஆம் நாள் தமது 35-ஆம் வயதில் இறந்தார். அந்த விடுதி இருந்த ஊர் வில்டன் மேனர்ஸ். சிறுவனாய் அவர் பீடத்தருகே நின்ற அதே ஊர்.

மறு ஆண்டே 'டவுன் பீட்' இதழ் அவரைப் புகழ்வரிசையில் சேர்த்தது. 2008-இல் ஓக்லண்ட் பார்க் நகரம் ஒரு பூங்காவுக்கே அவர் பெயரைச் சூட்டியது. பூங்காக்களில் படுத்துறங்கியவரின் பெயரில் ஒரு பூங்கா! அவரை உதைக்குள்ளாக்கிய கதவையும், அவருக்குப் பெயர்ப்பலகை வைத்த கையையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

அவர் குற்றமற்றவர் என்று நான் வாதிடவில்லை. மதுவும் முன்கோபமும் நண்பர்களைப் புண்படுத்தின. உதவ வந்தவர்களையும் அவர் விரட்டினார். மனநோயாளியோடு வாழும் குடும்பங்கள் இவ்வேதனையை நன்கறியும். அன்பு மட்டும் போதாது. மருந்தும் பொறுமையும், சுமையைப் பகிர்ந்துகொள்ளும் அயலாரும் வேண்டும். தனியொரு மனைவியோ தம்பியோ தாங்கக்கூடிய பாரமன்று அது.

நம் ஆலய முற்றங்களிலும் இத்தகையோர் நிற்கிறார்கள். திருப்பலி வேளையில் உரக்கப் பேசுவார்கள். அழுக்குடையோடு முன்வரிசைக்கு வருவார்கள். பேய் பிடித்தது என்கிறோம். குடித்துக் கெட்டான் என்கிறோம். கையைப் பிடித்து வெளியே விடுகிறோம். எரிகோ வழியில் விலகிச் சென்ற குருவும் லேவியரும் கொடியவர்கள் அல்லர். அவர்களுக்கும் நம்மைப் போல் அவசர அலுவல் இருந்திருக்கலாம்.

ஜாக்கோவின் உடல் 'விண்ணக அரசி அன்னை' கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறது. இறுதியில் திருச்சபையின் மண் அவரை ஏற்றுக்கொண்டது. வரும் ஞாயிறன்று நம் ஆலய வாயிலில் நிற்பவரை, அவர் உயிரோடிருக்கும்போதே நாம் ஏற்றுக்கொள்வோமா?