மூச்சிலே பிறந்த சுரம்



1924ஆம் ஆண்டிலே புகைவண்டி பதுளையை வந்தடைந்தது. மலையைச் சுற்றியும் குடைந்தும் ஏறிவந்த அவ்வண்டியின் ஓசை ஊவாத் தோட்டத்து லயங்களுக்குப் புதியதாயிற்று. மூன்றாண்டுகள் கழித்து, 1927இல், அமெரிக்காவிலே டிஃபோர்ட் பெய்லி என்னும் ஆபிரிக்க அமெரிக்கக் கலைஞர், புகைவண்டியின் ஓட்டத்தையும் ஊதலையும் ஒரு சிறு மௌத் ஆர்கனிலே எழுப்பி இசைத்தட்டாக்கினார். அவரும் நாஷ்வில் நகர வானொலியிலே புகழ் பெற்றவரே.

அக்கருவியின் தாயகம் ஐரோப்பா. 1857இல் ஜெர்மனியின் திரொசிங்கன் ஊரிலே ஹோனர் தொடங்கிய தொழில் அதனை உலகெங்கும் பரப்பிற்று. விலை மலிவு, சட்டைப் பையிலும் அடங்கும். ஆதலால் பருத்தித் தோட்டத் தொழிலாளரின் கைக்கும் அது எட்டிற்று. ஆனால், அதிலே அமைந்திருந்ததோ நமது சங்கராபரணத்தை ஒத்த மேளம். புளூஸ் என்னும் துயரிசைக்கு அது போதவில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஊதும் மூச்சை விடுத்து, உள்ளிழுக்கும் மூச்சை இல்லமாகக் கொண்டார்கள். அதாவது, கருவியின் பஞ்சமத்தையே சட்சமாக வைத்தார்கள். சங்கராபரணம் அரிகாம்போதியாயிற்று! நம் வித்துவான்கள் கிரகபேதம் என்று சொல்வதை ஏழைத் தொழிலாளர் தம் செவியாலே கண்டுகொண்டனர். மேலும், இழுக்கும் மூச்சை வாய்க்குள்ளே வளைத்து, அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரத்துக்கு இறக்கினர். துயரம் அந்த வளைவிலேதான் குடிகொண்டது.

இனி, ஒரு வினா. புளூஸ் பாட்டின் பன்னிரண்டு அளவுகளிலே கிட்டாரின் கார்டு, அதாவது சுரக்கூட்டு, மாறிக்கொண்டே செல்லும். முதல் நான்கு அளவு சட்சக் கூட்டு. பின் மத்திமக் கூட்டு இரண்டு, சட்சம் இரண்டு. முடிவிலே பஞ்சமம் ஒன்று, மத்திமம் ஒன்று, மீண்டும் சட்சம் இரண்டு. கூட்டு மாறுந்தோறும் ஊதுபவர் மேளத்தையும் மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. மேளம் ஒன்றே; மாறுவது நிற்கும் இடம். சட்சக் கூட்டிலே சட்சத்திலோ பஞ்சமத்திலோ நிற்கலாம். மத்திமக் கூட்டு வரும்போது அந்தர காந்தாரம் உறுத்தும். அதனை வளைத்து இறக்கினால் இழையும். பஞ்சமக் கூட்டிலே பஞ்சமமும் ரிஷபமும் துணை நிற்கும்.

ஊவாத் தோட்டத்து இளைஞர் கிட்டார்க்காரரோடு சேரும்போது தயங்குவதுண்டு. தயக்கம் எதற்கு? தாலாட்டும் ஒப்பாரியும் காமன் கூத்துப் பாடலும் ஒரே சட்சத்தைப் பற்றி நின்று பாடும் மரபு அவருடையது. அச்செவிக்குத் தேவை ஒன்றே: கீழே நகரும் கூட்டைக் கேட்டு, எங்கே நிற்பது எனத் தெரிதல்.

இதே உலோக நாக்கு இனத்தைச் சேர்ந்த ஹார்மோனியத்தை, கமகம் தராது என்று கூறி 1940இல் அகில இந்திய வானொலி விலக்கி வைத்தது. 1971இலேதான் அத்தடை தளர்ந்தது. துருத்தியின் காற்றுக்கு வளையாத நாக்கு, மனித மூச்சுக்கு வளைந்தது. காப்பித் தோட்டமாயினும் பருத்தித் தோட்டமாயினும், கையிலே கிடைத்த கருவி குறையுடையதென்று உழைப்பவர் பாட்டை நிறுத்தியதில்லை. அக்குறையின் உள்ளேயே தம் குரலுக்கு இடந் தேடிக்கொண்டனர்.