மழையில் நனைந்த ஸ்வேட் ஷூவும் கொஞ்சம் சரித்திரமும்



தேய்மானக் கணக்கு பற்றி எழுதுகிறேன் என்று போன முறை சொல்லியிருந்தேன். மன்னிக்கவும், அது அடுத்த முறை. இந்த முறை ஷூ. ஏன் என்று கேட்டால், என்னுடைய ஷூவே ஒரே நாளில் முழுத் தேய்மானம் அடைந்துவிட்டது!

கதை இதுதான். நேர்முகத் தேர்வுகள் ஆரம்பிக்கப் போகின்றன என்று தெரிந்ததும், ஆம்பூர் பக்கம் வேலையாகப் போன என் மாமா அங்கிருந்து ஒரு ஜோடி ஸ்வேட் ஷூ வாங்கி வந்து கொடுத்தார். பழுப்பு நிறம், தடவினால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். என் தங்கை அதை 'ஸ்வீட் ஷூ' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மாத அடைமழையில் அதைப் போட்டுக்கொண்டு கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் ஏறுவதற்குள் ஷூவுக்குள் குளம். வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காய வைத்தேன். காய்ந்ததும் விறைத்து, வெள்ளை வெள்ளையாக வளையம் போட்டிருந்தது. பதறிப்போய் கறுப்பு பாலிஷ் வேறு தடவினேன். அவ்வளவுதான், முடிந்தது.

ஸ்டேஷன் பக்கத்தில் செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "நெருப்புகிட்ட வெச்சியா தம்பி?" என்பதுதான். அவர் எதையும் சொல்லாமலே எல்லாம் தெரிந்துகொண்டார். எனக்கோ கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் ஒரு தோலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

தோலுக்கும் தண்ணீருக்கும் என்ன பகை?

தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். காய வைத்தால் பலகை மாதிரி ஆகிவிடும். இழைகளுக்கு நடுவில் ஒரு பொருளைப் பிணைத்து, அழுகாமலும் ஒட்டிக்கொள்ளாமலும் வைப்பதுதான் பதனிடுதல். அதன் பிறகு எண்ணெய் ஏற்றுவார்கள். இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நகர்வதால்தான் தோல் வளைகிறது.

தண்ணீர் உள்ளே போனால் இழைகள் ஊதுகின்றன. நிதானமாகக் காய்ந்தால் பெரிய சேதம் இல்லை. வேகமாகச் சூடுபடுத்திக் காய வைத்தால் இழைகள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. தோல் விறைப்பது அதனால்தான். வளையம் ஏன் வருகிறது? தண்ணீர் உள்ளிருக்கும் உப்பு, சாயம் போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு ஓரத்துக்கு ஓடுகிறது. அங்கே அது ஆவியானதும் அழுக்கு மட்டும் கோடாக நிற்கிறது. மேஜையில் சிந்திய காபி காயும்போது ஓரத்தில் கறை விழுவதும் இப்படித்தான்.

ஸ்வேட் விஷயத்தில் இன்னும் கஷ்டம். சாதாரண ஷூவில் தோலின் வெளிப்பக்கம் மேலே இருக்கும், அதன் மேல் ஒரு பூச்சும் இருக்கும். ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கம், அதாவது சதையை ஒட்டியிருந்த பக்கம். அதைத் தேய்த்துத் தேய்த்துப் பஞ்சு மாதிரி எழுப்புகிறார்கள். பூச்சு கிடையாது. எனவே தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் கதவு திறந்தே இருக்கிறது. ஸ்வேட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ஸ்வீடன் என்று அர்த்தம். ஸ்வீடன் கையுறைகள் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதில் இருந்து வந்த பெயர். குளிர் தேசத்துக் கையுறையை நம் ஊர் ஐப்பசி மழையில் காலில் மாட்டினால் என்ன ஆகும்?

ஆவாரம்பட்டையும் கடுக்காயும்

நம் ஊர்ப் பழைய முறை ஆவாரம்பட்டை. பட்டையின் சாறில் தோலை வாரக் கணக்கில் ஊற வைப்பார்கள். பிறகு கடுக்காய்ச் சாறு. ஆவாரையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும், அதைக் குறைக்கத்தான் கடுக்காய். கடைசியில் புங்க எண்ணெய் போன்ற ஓர் எண்ணெய். நம் தெருவோரத்துப் புங்க மரம்தான்!

இப்படித் தயாரான தோல் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் சென்னையில் இருந்து லண்டன் சந்தைக்குக் கப்பல் கப்பலாகப் போனது. முதல் உலகப் போரின்போது (1914-18) பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தத் தோல் பெருமளவில் வாங்கப்பட்டது. பதுங்குகுழியின் சேற்றில் நின்ற சிப்பாய்கள் பூட்ஸில் 'டப்பின்' என்ற பசையைத் தடவினார்கள். மெழுகு, எண்ணெய், விலங்குக் கொழுப்பு சேர்ந்த கலவை அது. தோல் பூட்ஸில் தண்ணீரைத் தள்ளிவைக்க அன்றைக்குப் பரவலாகப் பயன்பட்ட வழி இந்தக் கொழுப்புதான். ஆனால் அதை ஸ்வேட்டில் தடவினால் பஞ்செல்லாம் படுத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களைத்தான் சமூகம் தீண்டத்தகாதவர்கள் என்று ஊருக்கு வெளியே வைத்தது. தோல் லண்டனுக்குப் போகலாம், தோலைத் தொட்டவர் தெருவுக்குள் வரக்கூடாது! இது என்ன நியாயமோ.

கவலையில் இருந்து வந்த குரோம் தோல்

கவலை என்றால் வருத்தம் இல்லை. மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்கும் எங்கள் வடமாவட்டங்களில் கவலை என்றுதான் பெயர். அதில் தண்ணீர் மொள்வது தோலால் ஆன பை. நாள் முழுக்கத் தண்ணீரில் முங்கி முங்கி எழ வேண்டும். பட்டையில் பதனிட்ட தோல் அதில் சீக்கிரம் வீணாகிவிடும்.

சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1903இல் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளை அரசு உதவியோடு ஆரம்பித்தார். பட்டைக்குப் பதில் குரோமியம் உப்பு. இந்த முறைக்கு அமெரிக்காவில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை வாங்கியிருந்தார். வாரக் கணக்கான வேலை நாள் கணக்கில் முடியும். குரோம் தோல் கொதிநீரைக்கூடத் தாங்கும். சாட்டர்டனின் முக்கிய நோக்கங்களில் ஒன்று இந்தக் கவலைப் பைதான். ஷூ பிறகுதான். அதாவது, நம் நாட்டில் குரோம் தோல் கால் வைத்ததே தண்ணீரைத் தாங்குவதற்காக!

அரசாங்கமே தொழில் நடத்தலாமா என்று ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910இல் இந்திய அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு இப்படி வணிகரீதியில் தொழிற்சாலை நடத்தக்கூடாது என்று லண்டனில் இருந்து உத்தரவிட்டார். அரசு அந்த வேலையைக் கைவிட்டது. ஆனாலும் விதை முளைத்துவிட்டது. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியின் பெயரால்தான் குரோம்பேட்டைக்குப் பெயர் வந்தது. தினமும் மின்சார ரயிலில் அந்தப் பெயரைக் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1958 முதல் 1971 வரை அதன் இயக்குநராக இருந்தவர் நாயுடம்மா. ஆராய்ச்சியை டேனரி வாசல் வரை கொண்டுபோனவர். 1985 ஜூனில் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் விழுந்தபோது அதில் இருந்து உயிரிழந்தார். 1970களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. தோலாக அனுப்பாதே, ஷூவாக்கி அனுப்பு என்பதுதான் கொள்கை. ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஷூ ஊர்களாக வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. என் மாமா வாங்கி வந்த ஷூவின் பூர்வீகமும் அதுதான்.

பாம்புத் தோல்

விலையுயர்ந்த அரிய தோல் என்றால் பாம்பு, உடும்பு, முதலை. ஒரு காலத்தில் சென்னை பாம்புத் தோல் ஏற்றுமதிக்குப் பெயர்போன ஊர். பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள். எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலும் நிறைய இருளர் குடும்பங்கள் உண்டு. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. பாம்புக்கு நல்லது நடந்தது, ஆனால் இருளர்களின் அடுப்பு அணைந்தது. அதன் பிறகு ராமுலஸ் விட்டேகரின் முயற்சியோடு 1978இல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தில் இருந்து பாம்புக்கடி மருந்து. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு செத்தால் ஒரு முறைதான் காசு, உயிரோடு இருந்தால் பல முறை. வணிகவியல் மாணவனாக எனக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கைதவறிச் சிந்திய துளி

கொழுப்புக்கு மாற்று கிடைத்தது தற்செயலாக. 1953இல் அமெரிக்காவின் 3எம் நிறுவனத்தில் ஓர் உதவியாளரின் கேன்வாஸ் ஷூவில் ஆய்வக ரசாயனம் சிந்திவிட்டது. சோப்புக்கும் போகவில்லை, வேறு எதற்கும் போகவில்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் அழுக்கே ஒட்டவில்லை! பாட்சி ஷெர்மன் என்ற வேதியியலாளர் இதைக் கவனித்தார். அவரும் சாமுவேல் ஸ்மித்தும் சேர்ந்து அதை ஸ்காட்ச்கார்ட் ஆக்கினார்கள். 1956இல் விற்பனைக்கு வந்தது. ஃப்ளோரின் சேர்ந்த இந்தப் பொருள் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக மூடுவதால் தண்ணீரும் எண்ணெயும் சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடும், பஞ்சும் படுக்காது. ஸ்வேட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் இழையை விட்டுப் போகாத பொருள் பூமியை விட்டும் போகவில்லை. மனித ரத்தம் வரை சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும், பி.எஃப்.ஓ.எஸ் வகை ரசாயனத்தை நிறுத்துவதாக 2000இல் அந்த நிறுவனம் அறிவித்தது. 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

குரோம் மட்டும் சும்மா விட்டதா? எங்கள் ஸ்டேஷனில் இருந்து அரக்கோணம் தாண்டி அதே தண்டவாளத்தில் போனால் பாலாற்றுப் படுகை. தோலைப் பதனிடத் தண்ணீர் குடம் குடமாக வேண்டும், வேலை முடிந்ததும் கழிவாக அது வெளியே போக வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதாக அதில் குறிப்பிடப்பட்டது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டில் உறுதியாக நிலைநாட்டிய தீர்ப்புகளில் அதுவும் ஒன்று. 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

என் ஷூவின் விலைச்சீட்டில் தோல், கூலி, லாபம் எல்லாம் இருந்திருக்கும். பாலாற்றங்கரைக் கிணறு இருந்திருக்காது. அந்தச் செலவை யார் ஏட்டில் எழுதுவது? இந்தக் கேள்விக்கு என் பாடப்புத்தகத்தில் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் தெரிகிறது. இவ்வளவு விலை கொடுத்து வந்த பொருளை ஒரு மழையில் தூக்கி எறிவது பாவம். ஒரு வருடம் உழைக்க வேண்டியது மூன்று வருடம் உழைத்தால் இரண்டு ஜோடிக்கான தண்ணீர் மிச்சம்.

சரி, எப்படிக் காப்பாற்றுவது?

பெரியவர் சொன்னதும் நான் படித்ததும் சேர்த்து:

1. புது ஸ்வேட் ஷூ வாங்கியதும் ஸ்வேட்டுக்கான நீர்விலக்கு ஸ்ப்ரே அடியுங்கள். ஃப்ளோரின் இல்லாதது கிடைக்கிறது, பார்த்து வாங்குங்கள். காற்றோட்டமான இடத்தில், ஒரு சாண் தள்ளி, மெல்லிசாக இரண்டு முறை. முதலில் கண்ணில் படாத மூலையில் அடித்துப் பாருங்கள்.

2. நனைந்தால் அடுப்பு, வெயில், ஹேர் டிரையர் எதுவும் கூடாது. உள்ளே வெள்ளைத் தாளைத் திணித்து நிழலில் ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாள் நனைய நனைய மாற்றுங்கள்.

3. வளையம் விழுந்துவிட்டால், ஈர ஸ்பாஞ்சால் முழு ஷூவையும் ஒரே சீராக லேசாக நனைத்து, திரும்ப நிழலில் காய வையுங்கள். ஓரம் என்று ஒன்று இல்லாவிட்டால் கோடும் இல்லை. காய்ந்ததும் ஸ்வேட் பிரஷ்ஷால் பஞ்சை எழுப்புங்கள்.

4. சேறு பட்டால் ஈரமாகத் துடைக்காதீர்கள். காய விட்டுத் தட்டி, பிறகு பிரஷ்.

5. எண்ணெய்க் கறைக்குச் சோளமாவோ முகப்பவுடரோ தூவி இரவு முழுக்க விடுங்கள்.

6. பாலிஷ், தேங்காய் எண்ணெய் இரண்டும் ஸ்வேட்டுக்கு ஆகாது.

7. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துணிப்பை நல்லது.

8. பழைய பாம்புத் தோல், முதலைத் தோல் பொருள் வீட்டில் இருந்தால் செதில் படுத்திருக்கும் திசையிலேயே துடையுங்கள், எதிர்த்திசையில் துடைத்தால் செதில் தூக்கிக்கொள்ளும். கடையில் பாம்புத் தோல் மாதிரி தெரிவது பெரும்பாலும் மாட்டுத் தோலில் அச்சடித்ததுதான். அதற்குச் சாதாரண ஷூ பராமரிப்பே போதும்.

என் ஷூ என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? வளையம் போய்விட்டது. கறுப்பு பாலிஷ் போகவே இல்லை. பெரியவர் யோசித்துவிட்டு, "மொத்தமா கறுப்பு ஏத்திடலாம் தம்பி" என்று ஸ்வேட்டுக்கான சாயத்தைப் போட்டுக் கொடுத்தார். அறுபது ரூபாய் கேட்டார், நூறு கொடுத்தேன், நாற்பதைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டார். மாமா இன்னும் கவனிக்கவில்லை. அவர் கண்ணில் படுவதற்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் நன்றாக இருக்கும்!

அடுத்த முறை கண்டிப்பாகத் தேய்மானக் கணக்கு. அதுவரை மழையில் பார்த்து நடங்கள்.