ஒரு அணு கொஞ்சம் விலகினால்

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, நாங்கள் பராமரிக்கும் சிஸ்டம் ஒன்று நாலு மணி நேரம் படுத்துவிட்டது. திங்கட்கிழமை காலை வழக்கமான கூட்டம். மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த மாதிரிக் கூட்டங்களில் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பது ஒரு சடங்கு. சர்வர் ஏன் விழுந்தது? மெமரி தீர்ந்துபோனது. ஏன் தீர்ந்தது? ஒரு லூப் நிற்கவேயில்லை. ஏன் நிற்கவில்லை? ஒரு நிபந்தனை தப்பாக எழுதப்பட்டிருந்தது. ஏன்? எழுதிய பையனுக்கு அந்தப் பகுதி புதுசு. புது ஆளிடம் ஏன் கொடுத்தோம்? பழைய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐந்தோடு நிறுத்தாமல் போனால், அவர் ஏன் போனார், சம்பளம் ஏன் ஏறவில்லை என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

கூட்டம் முடிந்தபோது யார் மேலும் தப்பில்லை என்றாகிவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. அந்தப் பையனுக்கு மட்டும் இல்லை. "நான் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம் சார்" என்றான்.

பார்த்திருக்கலாம். அந்த 'லாம்' என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. நடந்த ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு காரணம், அதற்கும் முன்னால் இன்னொரு காரணம் என்றால், வேறு மாதிரி நடந்திருக்க இடம் எங்கே இருக்கிறது? அந்தச் சமயத்தில்தான் எபிக்யூரஸ் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த 'லாம்' எங்கே இருக்கிறது என்று 2300 வருஷத்துக்கு முன்பே ஒரு ஆள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார், அதுவும் அணுக்களுக்குள்ளே போய்.

கதை அவருக்கு முன்பே தொடங்குகிறது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெற்கு இத்தாலியில் எலியா என்ற கிரேக்க ஊரில் பார்மெனிடிஸ் என்பவர் ஒரு வில்லங்கமான வாதத்தை வைத்தார். இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லவே இல்லை. அப்படின்னா புதிதாக ஒன்று உண்டாக முடியாது, ஏனென்றால் அது 'இல்லாததி'லிருந்து வர வேண்டும். இருப்பது அழியவும் முடியாது, அது 'இல்லாததா'க மாற வேண்டும். ஆகவே மாற்றம் என்று நாம் பார்ப்பதெல்லாம் பொய்த்தோற்றம். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எங்கே தப்பு என்று விரல் வைத்துக் காட்டுவது அவ்வளவு சுலபமில்லை. அவருக்குப் பின் வந்த கிரேக்கச் சிந்தனையாளர்களில் பலர் இந்த வாதத்துக்குப் பதில் சொல்லத்தான் பாடுபட்டார்கள்.

அதில் ஒரு பதில் அணு. லியூகிப்பஸ், அவரைத் தொடர்ந்து அப்டெரா ஊர்க்காரர் டெமோகிரிட்டஸ், இருவரும் சொன்னது இதுதான்: இல்லாததும் ஒரு வகையில் இருக்கிறது, அதன் பெயர் வெற்றிடம். அதற்குள் அழியாத, வெட்ட முடியாத துகள்கள் ஓடுகின்றன. உண்டாவது என்றால் அவை சேர்வது, அழிவது என்றால் பிரிவது. பார்மெனிடிஸ் கேட்ட நிரந்தரமும் கிடைத்தது, கண் முன்னால் நடக்கும் மாற்றமும் காப்பாற்றப்பட்டது. இனிப்பு, கசப்பு, நிறம் எல்லாம் நாம் வைத்துக்கொண்ட வழக்கம், உண்மையில் இருப்பது அணுவும் வெற்றிடமும்தான் என்பது டெமோகிரிட்டஸின் நிலைப்பாடு.

லியூகிப்பஸ் எழுதியதில் நமக்கு மிஞ்சியது ஒரே ஒரு வாக்கியம். எதுவும் சும்மா நடப்பதில்லை, எல்லாம் காரணத்தோடும் கட்டாயத்தாலும்தான் நடக்கிறது என்பது அதன் சாரம். எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தின் சுவரில் மாட்டி வைக்கலாம்.

எபிக்யூரஸ் கி.மு. 341-ல் ஸாமோஸ் தீவில், ஏதென்ஸ் நகரத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி, அங்கே நண்பர்களோடு வாழத் தொடங்கினார். பெண்களும் அடிமைகளும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். இன்றைக்கு இவர் பெயர் மேற்குலகில் சாப்பாட்டுப் பிரியர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் மனுஷன் ரொட்டியும் தண்ணீரும் போதும் என்றவர். விருந்து மாதிரி சாப்பிடத் தோன்றும் நாளுக்காகக் கொஞ்சம் பாலாடைக்கட்டி அனுப்பி வை என்று நண்பருக்கு எழுதியிருக்கிறார். அவர் தேடிய இன்பம் பெரும்பாலும் இல்லாமைகளால் ஆனது: உடம்பில் வலி இல்லாமை, மனசில் கலக்கம் இல்லாமை.

அந்தக் கலக்கத்துக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு என்று நினைத்தார். கடவுளர்கள் தண்டிப்பார்கள் என்ற பயம், செத்தபின் என்ன ஆகுமோ என்ற பயம். இரண்டுக்கும் மருந்து, உலகம் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்வது. உயிரும் அணுக்களால் ஆனது, செத்தால் அந்த அணுக்கள் கலைந்துவிடும், வலியை உணர ஆளே இருக்காது. கடவுளர்கள் உண்டு, ஆனால் அவர்கள் நிம்மதியான பேர்வழிகள், நம் விஷயத்தில் தலையிட மாட்டார்கள். இடி ஏன் இடிக்கிறது, கிரகணம் ஏன் வருகிறது என்பதற்கு ஒரு கடிதத்தில் வரிசையாகப் பல விளக்கங்கள் தருகிறார். எது சரி என்று தேர்ந்தெடுக்க அவர் மெனக்கெடுவதில்லை. கண்ணால் காண்பதோடு முரண்படாமல், கட்டுக்கதை இல்லாமல் இருந்தால் எதுவும் சம்மதம். பொறியியல் படித்த எனக்கு இது முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. இந்த ஆளுக்கு இயற்பியல் முக்கியமே இல்லை போலிருக்கிறதே! அப்புறம்தான் புரிந்தது, டாக்டர் மருந்தைப் பார்ப்பது போல அவர் இயற்பியலைப் பார்க்கிறார்.

ஆனால் இந்த மருந்துக்கு ஒரு பக்கவிளைவு இருந்தது. டெமோகிரிட்டஸின் அணுக்களை அப்படியே எடுத்துக்கொண்டால், என் மனசும் அணு, என் முடிவும் அணுக்களின் மோதல், அந்த மோதல் எப்போதோ நிச்சயமாகிவிட்டது. கடவுளின் பிடியிலிருந்து விடுவித்துவிட்டு, அதைவிட மோசமான பிடியில் மாட்டிவிட்ட மாதிரி. எபிக்யூரஸுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. மெனோய்கியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், இயற்கை ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விதிக்கு அடிமையாவதைவிடப் பழைய கடவுள் கதைகளை நம்புவதே மேல் என்கிறார். கடவுளிடமாவது வேண்டிக்கொள்ளலாம், இந்த விதி எதற்கும் அசைந்து கொடுக்காது என்பது அவர் காரணம். கட்டுக்கதைகளை ஒழிக்க ஆயுள் முழுக்கப் போராடியவர் சொல்கிறார் என்றால் எவ்வளவு கலங்கியிருக்க வேண்டும்.

இன்னொரு சான்று எரிமலையிலிருந்து வருகிறது. கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரின் ஒரு பெரிய மாளிகை, அதன் நூலகத்தோடு புதைந்தது. 1750-களில் தோண்டியெடுத்தபோது பாப்பிரஸ் சுருள்கள் கரிக்கட்டையாகக் கிடைத்தன. பெரும்பாலும் எபிக்யூரஸ் மரபு நூல்கள். எபிக்யூரஸின் 'இயற்கை பற்றி' என்ற 37 பகுதி நூலின் துண்டுகளும் அதில் உண்டு. இருபத்தைந்தாம் பகுதியின் துண்டுகளில் எல்லாம் கட்டாயத்தால் நடக்கிறது என்பவரோடு மல்லுக்கட்டுகிறார். வாதம் அழகானது. அப்படிச் சொல்பவர், ஒத்துக்கொள்ளாத எதிராளியைக் குறை சொல்கிறார் அல்லவா? எதிராளி ஒத்துக்கொள்ளாததும் கட்டாயத்தால் என்றால் குறை சொல்ல என்ன இருக்கிறது? பொறுப்பு என்பதை மறுக்கிற வாய், மறுக்கும்போதே அடுத்தவரைப் பொறுப்பாக்குகிறது.

சரி, பிரச்சினை புரிகிறது. தீர்வு? அணு கொஞ்சம் விலகும் என்பதுதான் தீர்வு.

ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதிய நெடும்பாடலின் இரண்டாம் பகுதியில் இது விரிவாக வருகிறது. (அந்த நூலே தொலைந்துபோய், 1417-ல் போஜ்ஜோ பிராச்சியோலினி என்பவர் ஒரு மடாலயத்தில் கண்டெடுத்ததால் பிழைத்தது.) வெற்றிடத்தில் அணுக்கள் கனமானாலும் லேசானாலும் ஒரே வேகத்தில் கீழ்நோக்கி விழுகின்றன. மழைத்துளிகள் மாதிரி இணையாக விழுந்துகொண்டே இருந்தால் மோதலே நடக்காது, உலகமே உண்டாகாது. ஆகவே குறித்த நேரமும் இடமும் இல்லாமல், அணு மிக மிகச் சிறிய அளவு பாதை விலகுகிறது. இந்த விலகல் காரணச் சங்கிலியை அறுக்கிறது, அதனால்தான் உயிர்களுக்குச் சொந்த விருப்பம் இருக்கிறது என்கிறார் லுக்ரீஷியஸ். அவர் தரும் உதாரணம் குதிரைப் பந்தயம். தடுப்பு திறந்துவிட்டது, குதிரைக்கு ஓட ஆசை, ஆனாலும் உடம்பு பாய்வதற்குள் ஒரு கணம் தாமதம். மனசு நினைத்து, அந்த நினைப்பு உடம்பெங்கும் பரவிய பிறகே கால் எழும்புகிறது. பின்னாலிருந்து யாரோ தள்ளி நாம் ஓடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள் என்கிறார்.

ஆச்சரியம் என்னவென்றால், முழுதாகக் கிடைத்திருக்கும் எபிக்யூரஸின் மூன்று கடிதங்களிலும் இந்த விலகல் இல்லை. அணுக்களை விளக்கும் ஹெரடோட்டஸ் கடிதத்திலேயே இல்லை (இவர் வரலாற்று ஆசிரியர் ஹெரடோட்டஸ் இல்லை, வேறு ஆள்). பின்னால் வந்தவர்கள் சேர்த்த ஒட்டா என்று சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் லுக்ரீஷியஸ் காலத்தவரான சிசெரோ இதை எபிக்யூரஸின் கருத்து என்றே சொல்லி, சின்னப்பிள்ளைத்தனமான கற்பனை என்று கிண்டலடிக்கிறார். மூன்றாவது சாட்சி ஒரு சுவர்.

இன்றைய துருக்கியின் தென்மேற்கில், மலைமேல் ஓய்னோஆண்டா என்ற சின்ன நகரம் இருந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் டயோஜெனிஸ் என்ற உள்ளூர்க்காரர், எபிக்யூரஸின் தத்துவத்தை ஊர்ப் பொது மண்டபச் சுவரில் கல்வெட்டாகவே வெட்டி வைத்தார். (பானைக்குள் வாழ்ந்த டயோஜெனிஸ் வேறு, தத்துவவாதிகளின் வரலாறு எழுதிய டயோஜெனிஸ் வேறு. கிரேக்கர்களுக்குப் பெயர்ப் பஞ்சம்.) தனக்கு வயதாகிவிட்டது, தப்பான நம்பிக்கைகள் ஆடுகளுக்குள் நோய் பரவுவது போல மக்களிடம் பரவுகின்றன, ஒருத்தர் இரண்டு பேர் என்றால் நேரில் சொல்லலாம், இத்தனை பேர் என்பதால் சுவரில் எழுதுகிறேன், இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் சேர்த்துத்தான் என்கிறார். சுவர் இடிந்து, கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போயின. 1884-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முதல் துண்டுகளைக் கண்டுபிடித்தார்கள்.

அதில் ஒரு துண்டில் விலகல் இருக்கிறது. டெமோகிரிட்டஸ் தவறவிட்ட சுதந்திரமான அசைவை எபிக்யூரஸ் கண்டுபிடித்தார் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எதற்காக அது தேவை என்பதும் இருக்கிறது: விதியை நம்பினால் புத்தி சொல்வதற்கும் கண்டிப்பதற்கும் அர்த்தமே போய்விடும், கெட்டவர்களைத் தண்டிக்கக்கூட நியாயம் இருக்காது. அணு எப்படி அசைகிறது என்ற கேள்விக்கு, கண்டிப்பதில் நியாயம் வேண்டும் என்பது ஒரு காரணமாகக் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது!

இது வேலை செய்கிறதா? என் அபிப்பிராயத்தில் இல்லை. என் தலைக்குள் ஒரு அணு தற்செயலாக விலகி, அதனால் நான் ஒரு காரியம் செய்தால், அது என் முடிவு எப்படி ஆகும்? ரேண்டம் நம்பர் ஒன்றைச் சேர்த்ததால் ப்ரோக்ராமுக்குப் பொறுப்பு வந்துவிடுமா? விலகல் முடிவை உண்டாக்குவதில்லை, சங்கிலியை அறுத்து இடம் மட்டும் கொடுக்கிறது என்று சில ஆய்வாளர்கள் சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம், ஆனாலும் அந்த இடத்தில் 'நான்' எப்படி நுழைகிறேன் என்பது பாக்கியாகவே இருக்கிறது.

போட்டிப் பள்ளியான ஸ்டோயிக்குகளின் பதில் இதைவிடக் கெட்டி. எல்லாம் விதிப்படி என்று ஒத்துக்கொண்டே பொறுப்பைக் காப்பாற்றினார்கள். ஒரு உருளையைத் தள்ளினால் அது உருள்கிறது, தள்ளியது நீங்கள்தான், ஆனால் உருண்டது அதன் வடிவத்தால் என்பது கிரிசிப்பஸின் உவமை. அதேபோல் வெளியிலிருந்து தூண்டுதல் வரலாம், எப்படி எதிர்வினை செய்கிறோம் என்பது நம் குணம். தர்க்கமாகப் பார்த்தால் எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஆனால் அந்தப் பள்ளியை நிறுவிய ஜீனோ பற்றி ஒரு கதை உண்டு. திருடிய அடிமையை அவர் அடிக்கிறார். திருடுவது என் விதி என்கிறான் அவன். அடிபடுவதும்தான் என்கிறார் ஜீனோ. சாமர்த்தியமான பதில். ஆனால் கம்பு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் அந்தச் சாமர்த்தியம் கொஞ்சம் கசக்கிறது. எபிக்யூரஸின் உயில் கிடைத்திருக்கிறது. அதில் மிஸ் என்ற அடிமையோடு இன்னும் மூவருக்கு விடுதலை கொடுக்கிறார். இதனால் விலகல் கோட்பாடு சரியாகிவிடாது, தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1841-ல் கார்ல் மார்க்ஸ் ஜெனா பல்கலைக்கழகத்தில் வாங்கிய டாக்டர் பட்டத்தின் தலைப்பே டெமோகிரிட்டஸுக்கும் எபிக்யூரஸுக்கும் உள்ள வித்தியாசம்தான். சிசெரோ சிரித்த அந்த விலகலைத்தான் அவர் முக்கியமாக எடுத்துக்கொள்கிறார்.

ஹெர்குலேனியத்தில் கிடைத்தவற்றில் நூற்றுக்கணக்கான சுருள்கள் இன்னும் பிரிக்கப்படாமலே இருக்கின்றன, தொட்டால் உதிர்ந்துவிடும். 2023-ல் ஒரு பிரிக்காத சுருளை எக்ஸ்ரே ஸ்கேன் செய்து, இயந்திரக் கற்றல் மூலம் படிக்கத் தொடங்கினார்கள். முதலில் தெரிந்த முழுச் சொல் 'ஊதா'. அடுத்த சில மாதங்களில் பல பத்திகள் வெளிவந்தன, இன்பத்தைப் பற்றியும் உணவைப் பற்றியும். படித்தவர்கள் மூன்று மாணவர்கள். நான் அந்த நிரல்களைத் தரவிறக்கி ஓட்டிப் பார்த்தேன், என் பழைய லேப்டாப் அனலாய்க் கொதித்ததுதான் மிச்சம். மீதிச் சுருள்களில் எங்காவது எபிக்யூரஸே விலகலைப் பற்றி எழுதிய பக்கம் இருக்கலாம்.

அந்தப் பையன் இப்போது வேறு குழுவில் இருக்கிறான். போன மாதம் ஒரு கூட்டத்தில் அவனைப் பார்த்தேன். புதிதாக வந்த ஒரு பெண் எழுதியதை, அனுப்புவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.