ஆடிப்பெருக்கு

ஆடிப்பெருக்கு, திதியும் நட்சத்திரமும் நோக்காது ஆடி 18ஆம் நாளில், தஞ்சை முதலிய காவேரி தீர ஜில்லாக்களில் புதுப்புனலை வரவேற்று ஸ்திரீகள் முதன்மையாக நிகழ்த்தும் நதிவழிபாட்டு விழா. ‘பதினெட்டாம் பெருக்கு’ என்றும் வழங்கும். திருவையாறு, கும்பகோணம் முதலிய ஊர்ப் படித்துறைகளில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, வாழையிலையில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் பரப்பிப் பூஜித்து, அவற்றையும் முளைப்பாலிகையையும் நீரில் விடுவர். சுமங்கலிகள் தாலிச்சரடு மாற்றிக்கொள்வதும், புதுமணத் தம்பதிகள் பத்திரப்படுத்திய மணமாலைகளை ஆற்றில் விடுவதும், சிறுவர் சப்பரம் இழுப்பதும் வழக்கம். புளியோதரை, தேங்காய்ச்சாதம், தயிர்ச்சாதம் முதலிய சித்திரான்னங்களைக் கரையிலமர்ந்து உண்பது, காவேரியன்னையைக் கருவுற்றவளாகப் பாவித்து அவள் மசக்கைக்குப் படைக்கும் பாவனை என்பர். சம்பா விதைப்புப் பருவத்தையொட்டி வரும் விழாவுக்கு இவ்விளக்கம் மிகப் பொருந்துவதே. தென்மேற்குப் பருவமழையால் இயல்பாகப் பெருகிய வெள்ளம், 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின் மதகுத் திறப்புக்கு உட்பட்டது. நீர் வாராத ஆண்டுகளில் அடிபம்பு நீரைக்கொண்டும் வழிபாடு நடப்பதுண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது.