தினார்: வெள்ளியில் பிறந்து பொன்னான சொல்

குவைத்தில் வேலை பார்ப்பவர் வீட்டில் "இன்னைக்கு தினார் என்ன ரேட்டு?" என்பது அன்றாடப் பேச்சு. அந்தச் சொல்லின் பாட்டன் சேர்வராயன் மலை நிற்கும் சேலம் மாவட்டத்து மண்ணிலேயே புதைந்து கிடந்தான். 1987-இல் கோனேரிப்பட்டியில் ரோமானிய வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. டெனாரியஸ் என்பது அந்தக் காசின் பெயர்.

லத்தீனில் 'டெனி' என்றால் பப்பத்து. கி.மு. 211 வாக்கில் இந்தக் காசு வந்தபோது, 10 'ஆஸ்' காசுகள் கொடுத்தால் ஒரு டெனாரியஸ். பின்னாளில் கணக்கு 16 ஆஸ் ஆனது. பெயர் மட்டும் பத்திலேயே நின்றுவிட்டது.

கொங்கு மண்ணுக்கு இந்த வெள்ளி புதிதல்ல. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 500-க்கு மேல் கிடைத்தன; உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலும் ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் முகங்கள்தான். கி.பி. 64-இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். அதற்குப் பிந்திய வெள்ளி இங்கே அரிது. மிளகும் படியூர் மணிக்கற்களும் விற்ற நம் வணிகர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, வெள்ளியைப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்றைய தமிழில் 'காசு' நகையில் கோக்கும் மணியாகவும் இருந்தது. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில் கிளி கவ்விய வேப்பம்பழம், பொற்கொல்லர் நூலில் கோக்கும் காசாகத் தெரிகிறது.

டெனாரியஸ் கிழக்கே வந்ததும் உலோகம் மாறியது. குப்தர் கல்வெட்டுகளில் 'தீநாரம்' பொற்காசு. அரபு கலீபாக்களின் தினாரும் பொன்தான். பிறந்த வீட்டிலோ நேர்மாறான கதை. பேரரசர் சார்லமேன் ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு என்று வகுத்த, டெனாரியஸின் வழிவந்த 'டெனாரோ'வை பாவியா, லூக்கா, வெனிஸ் எனப் பல ஊர்களும் அடித்தன. செம்பு கூடக் கூட அது கறுத்து, மெலிந்து, சில்லறையானது. பொறுக்காத வெனிஸ், என்ரிக்கோ தாந்தொலோ ஆட்சியில் (1192-1205) ஏறக்குறைய சுத்த வெள்ளியில் 'குரோசோ' என்ற காசை வெளியிட்டது. பழைய இத்தாலிய நகரரசுகளின் வெள்ளியைச் சேர்க்க நினைப்பவர் குரோசோவில் தொடங்குவதே நல்லது. டெனாரோ என்ற பெயரை நம்பி வாங்கினால் கைக்கு வருவது கறுத்த தகடாக இருக்கலாம்.

இன்றைய இத்தாலியில் டெனாரோ என்றால் பொதுவாகப் பணம். நம் 'பண'மும் ஒரு காலத்தில் சின்னஞ்சிறு பொற்காசின் பெயர்தான்.

ஏர் முனையிலோ கடைக்கால் குழியிலோ இப்படி ஒரு காசு தட்டுப்பட்டால் நகைக்கடைக்கு ஓடாதீர்கள், உருக்கிவிடுவார்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.