வானம் தோண்டுகிறவர்கள்

"நான் காண்ட்ராக்ட் விட்டாச்சுங்க. எதா இருந்தாலும் அவருகிட்டயே பேசிக்குங்க."

காரமடைப் பக்கம் புதிதாக வீடு எழும்பும் எந்தச் சந்திலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். நேற்றுவரை தோட்டமாக இருந்த இடம் சைட்டாகப் பிரிந்திருக்கும். ஒருவர் முதலில் கட்டிக் குடிபோயிருப்பார். சில வருஷம் கழித்து அடுத்த சைட்டில் ஜேசிபி வந்து நிற்கும். அஸ்திவாரக் குழி தோண்டுவதை நம் கொத்தனார்கள் 'வானம் தோண்டுவது' என்பார்கள். மண்ணுக்குள் இறங்கும் வேலைக்கு இப்படி ஒரு பெயர் வாய்த்தது எனக்கு எப்போதும் பிடிக்கும். வானத்தை நாலடி கூடுதலாகத் தோண்டிவிட்டால் பக்கத்து வீட்டின் காம்பவுண்ட் சுவர் சரியும். அல்லது படுக்கையறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடும். வீட்டுக்காரர் போய்க் கேட்டால் கிடைக்கும் பதில்தான் மேலே உள்ளது.

அப்படியொரு பேச்சுவார்த்தையில் நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். இடத்துக்காரர் காண்ட்ராக்டரைக் கை காட்டினார். காண்ட்ராக்டர், "வண்டி வாடகைக்கு எடுத்ததுங்ணா, டிரைவர் பார்த்து வெட்டியிருக்கோணும்" என்றார். வண்டிக்காரர், "மேஸ்திரி கோடு போட்ட எடத்துலதான் வெட்டுனோம்" என்றார். மேஸ்திரி அன்றைக்கு வரவில்லை. சுவர் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

நான் வக்கீல் இல்லை. பழைய வழக்குகளைக் கதை படிப்பதுபோலப் படிக்கிறவன், அவ்வளவுதான். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தபோது 1799ஆம் வருஷத்து இங்கிலாந்து வழக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. புஷ் எதிர் ஸ்டைன்மன். சாலையோரத்தில் ஒரு வீட்டை வாங்கிய ஸ்டைன்மன் அதில் குடிகூடப் போகவில்லை. பழுதுபார்க்கும் வேலையை ஒரு சர்வேயரிடம் மொத்தமாகப் பேசி விட்டுவிட்டார். சர்வேயர் தச்சரிடம் விட்டார். தச்சர் கொத்தனாரிடம் விட்டார். கொத்தனார் சுண்ணாம்புக் காளவாய்க்காரரிடம் சுண்ணாம்புக்குச் சொன்னார். காளவாய்க்காரரின் வேலையாள் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சாலையில் கொட்டினான். அதில் ஏறிப் புஷ்ஷின் வண்டி குடைசாய்ந்தது. கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டியிருப்பார்கள். நீதிமன்றம் அந்தச் சங்கிலி முழுவதையும் தாண்டிப் போய், வீட்டுக்காரரே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்றது.

நியாயம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த நியாயம் அரை நூற்றாண்டுகூட நிலைக்கவில்லை.

1840இல் குவார்மன் எதிர் பர்னெட் வழக்கு. வயதான இரண்டு சீமாட்டிகள். வண்டி அவர்களுடையது, குதிரைகளும் ஓட்டுநரும் வாடகை. அவர்களை வீட்டில் இறக்கிவிட்ட ஓட்டுநர், அவர்கள் கொடுத்திருந்த சீருடைத் தொப்பியை உள்ளே வைத்துவிட்டு வரப் போனார். பிடிக்க ஆளில்லாத குதிரைகள் மிரண்டு ஓடி இன்னொருவருக்குச் சேதம் உண்டாக்கின. ஓட்டுநர் யாருடைய வேலையாள்? குதிரைகளை வாடகைக்கு விட்டவரின் ஆள், சீமாட்டிகள் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. இதில் எனக்கு மறுப்பில்லை. கால் டாக்சியில் போகிறவர் டிரைவரின் தவறுக்குப் பணம் கட்டுவதில்லையே. ஆனால் இதே தர்க்கம் 1849இல் ரயில்வே கம்பெனிக்கும் கைகொடுத்தது. பாலம் கட்டிக்கொண்டிருந்த காண்ட்ராக்டரின் ஆட்கள் தவறவிட்ட கல் விழுந்து கீழே போனவர் செத்துப்போனார். வேலை காண்ட்ராக்டரிடம் விடப்பட்டிருந்ததால் கம்பெனி பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். ரயில் பாதைகள் முழுக்கக் காண்ட்ராக்டில் போடப்பட்ட காலம் அது. சட்டம் யாருக்கு வசதியாக வளைந்தது என்று விளக்கத் தேவையில்லை. நம் சந்தில் கேட்கும் அந்த வாக்கியத்துக்கு உரம் கிடைத்தது இந்தப் பத்தாண்டுகளில்தான்.

அதை உடைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது.

ஜான் ரைலண்ட்ஸ் என்ற பெயரைக் கோயம்புத்தூர்க்காரர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். அவர் அசல் மான்செஸ்டரின் பெரும் பஞ்சாலை முதலாளி. லங்காஷயரில் எய்ன்ஸ்வொர்த் என்ற ஊரில் இருந்த தன் மில்லுக்குத் தண்ணீர் போதவில்லை என்று ஒரு நீர்த்தேக்கம் கட்ட முடிவுசெய்தார். அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. தகுதியான எஞ்சினியரையும் காண்ட்ராக்டர்களையும் அமர்த்தினார். தோண்டும்போது அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் கைவிடப்பட்ட குழிகள் தென்பட்டன. மண் நிரம்பிக் கிடந்த அவற்றை வேலைக்காரர்கள் பார்த்தார்கள். சரியாக அடைக்காமல் மேலே வேலையைத் தொடர்ந்தார்கள். ரைலண்ட்ஸுக்கு எதுவும் தெரியாது. 1860 டிசம்பர் 11 அன்று, நீர்த்தேக்கம் முழுதாக நிரம்புவதற்குள்ளேயே, தண்ணீர் அந்தக் குழிகளின் வழியாகக் கீழே இறங்கியது. பழைய சுரங்கப் பாதைகளில் ஓடி, பக்கத்தில் நிலக்கரி வெட்டிக்கொண்டிருந்த தாமஸ் ஃபிளெட்சரின் சுரங்கத்தை மூழ்கடித்தது. ஃபிளெட்சர் நிலத்துக்குச் சொந்தக்காரர்கூட இல்லை, குத்தகைதாரர்.

கீழ்க் கோர்ட்டில் 1865இல் ரைலண்ட்ஸ் ஜெயித்தார். முதலாளி மேல் தப்பில்லை, நல்ல ஆட்களைத்தானே அமர்த்தினார் என்ற வாதம் எடுபட்டது. மேல்முறையீட்டில் 1866இல் நீதிபதி பிளாக்பர்ன் அதைத் திருப்பிப்போட்டார். தப்பி வெளியே போனால் கேடு செய்யக்கூடிய ஒன்றை உன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தால் அதைக் காப்பது உன் பொறுப்பு. தப்பு யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. சுருக்கமாக அவர் சொன்னது இதுதான். 1868 ஜூலையில் பிரபுக்கள் சபையும் அதை ஒப்புக்கொண்டது. ஃபிளெட்சருக்குக் கிடைத்தது 937 பவுண்டு. சம்பவம் நடந்து ஏழரை வருஷம் கழித்து.

தீர்ப்பு ஏன் இப்படித் திரும்பியது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் ஒரு காரணம் காட்டுவார்கள். 1864 மார்ச்சில் ஷெஃபீல்டுக்கு மேலே டேல் டைக் அணை, முதல்முறை நிரப்பிக்கொண்டிருக்கும்போதே உடைந்து சுமார் 240 பேர் செத்திருந்தார்கள். அந்தப் பயம் நாட்டில் இருந்தது. ஒரு சுரங்கக் குத்தகைதாரரின் வழக்கில் நீதிபதிகள் மனதில் அந்த வெள்ளமும் ஓடியிருக்கலாம் என்பதை நான் நம்புகிறேன்.

இந்த விதி கடல் கடந்து நம் பக்கம் வந்த கதைதான் இதில் ருசியானது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் பாசஞ்சரில் காரமடை ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள். போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அந்தப் பாதையை 1873இல் திறந்தது மெட்ராஸ் ரயில்வே கம்பெனி. அதே கம்பெனி அந்தச் சமயத்தில் வடக்கே கார்வேட்டிநகர் ஜமீன்தார் மேல் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்தது. பெருமழையில் ஜமீனின் இரண்டு ஏரிகள் உடைந்து ரயில் பாதையையும் பாலங்களையும் அடித்துப் போயிருந்தன. ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உன் நிலத்துத் தண்ணீர், நீதான் கட்டணும் என்றது கம்பெனி. முன்பு 'காண்ட்ராக்டரைக் கேள்' என்ற தர்க்கத்தில் ரயில்வேக்கள் தப்பித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1874இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ரைலண்ட்ஸ் தன் லாபத்துக்காகத் தேக்கம் கட்டினார். சென்னை மாகாணத்தில் 50,000க்கும் மேற்பட்ட ஏரிகள் இருந்தன. பெரும்பாலானவை யாருடைய தாத்தா காலத்துக்கும் முந்தியவை. அவை இல்லாமல் மக்கள் பிழைக்க முடியாது. ஜமீன்தார் நினைத்தாலும் ஏரியைத் தூர்த்துவிட முடியாது. அதைப் பேணுவது அவர் கடமை. பேணுவதில் கவனக்குறைவு இல்லாதபோது அவர் எதற்குக் கட்ட வேண்டும்? காலனிய நீதிமன்றம் நம் ஏரியைப் புரிந்துகொண்ட அபூர்வமான தருணங்களில் இது ஒன்று.

ஆக, ஊருக்காக இருக்கும் தண்ணீர் வேறு, தனக்காகச் செய்துகொள்ளும் வேலை வேறு. நம் சந்துச் சண்டை இரண்டாவது வகை. அதற்கு நேரடியான பதில் 1876இல் வந்தது. பவர் எதிர் பீட். ஒட்டியொட்டி இரண்டு வீடுகள். பீட் தன் வீட்டை இடித்து, ஆழமாக வானம் தோண்டிப் புதிதாகக் கட்ட ஒரு காண்ட்ராக்டரை அமர்த்தினார். அப்பாவி இல்லை அவர், முன்யோசனைக்காரர். பக்கத்து வீட்டுக்கு முட்டுக் கொடுத்துக் காப்பது காண்ட்ராக்டர் பொறுப்பு, சேதமானால் அவரே சரிசெய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார். முட்டு போதவில்லை. பவரின் வீடு சேதமானது. பீட் ஒப்பந்தத்தை நீட்டினார். தலைமை நீதிபதி காக்பர்ன் ஏற்கவில்லை. செய்யச் சொன்ன வேலையே இயல்பில் பக்கத்து வீட்டுக்கு ஆபத்தானது. தடுக்க வேண்டியதைத் தடுக்கும் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு நீ ஒதுங்க முடியாது. காகிதம் பீட்டுக்கும் காண்ட்ராக்டருக்கும் நடுவில் செல்லும். பவரை அது கட்டாது.

1881இல் டால்டன் எதிர் ஆங்கஸ் வழக்கில் அரசாங்கமே மாட்டியது. நியூகாசிலில் ஒரு சாரட்டு வண்டித் தொழிற்சாலை. பக்கத்தில் அரசு அலுவலகம் கட்ட டால்டன் என்ற காண்ட்ராக்டர். தோண்டும் வேலைக்கு அவருக்குக் கீழே ஒரு சப்-காண்ட்ராக்டர். தொழிற்சாலை இடிந்தது. சப்-காண்ட்ராக்டரைக் கை காட்டியும் டால்டனும் தப்பவில்லை, வேலை கொடுத்த அரசுத் துறையும் தப்பவில்லை. 27 வருஷமாக அந்தக் கட்டடம் பக்கத்து மண்ணின் பிடிப்பில் நின்றிருந்ததால் அந்தப் பிடிப்பு அதற்கு உரிமையாகிவிட்டது என்றார்கள்.

அடுத்த வருஷமே, 1882இல், இந்திய வசதியுரிமைச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் அது செல்லுபடியான சில இடங்களில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. ஏழாம் பிரிவு சொல்கிறது: பக்கத்து மண் தரும் இயற்கையான தாங்கல் ஒவ்வொரு நிலத்துக்கும் உண்டு. கவனியுங்கள், நிலத்துக்கு, கட்டடத்துக்கு அல்ல. வீட்டின் பாரத்தோடு சேர்த்துத் தாங்கச் சொல்லும் உரிமை 20 வருஷம் இடையூறின்றி நின்றால்தான் கிடைக்கும். காரமடையைச் சுற்றி எத்தனை லேஅவுட் 20 வயதைத் தொட்டிருக்கிறது? நேற்று முளைத்த வீட்டுக்காரருக்கு மிச்சமிருக்கும் வழி, தோண்டியதில் கவனக்குறைவு என்று காட்டுவதும், என் வீட்டுப் பாரம் இல்லாவிட்டாலும் இந்த மண் சரிந்திருக்கும் என்று காட்டுவதும்தான். அதற்கு விரிசல் விழுந்த அன்றே எடுத்த தேதியுள்ள போட்டோவும், குழியை மூடுவதற்கு முன் அளந்த ஆழமும் வேண்டும். நம் ஆட்கள் அந்த நேரத்தில் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருப்பார்கள். "பக்கத்து பக்கத்துல இருக்கறவங்க, பாதிப் பாதி போட்டு முடிச்சுக்கங்க" என்பார் ஒரு பெரியவர். விழுந்த சுவரின் சொந்தக்காரர் எதற்குப் பாதி போட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இங்கிலாந்தில் 1996ஆம் வருஷத்துப் பொதுச்சுவர்ச் சட்டப்படி, பக்கத்துக் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுகிறவர் ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் சண்டையைத் தோண்டுவதற்கு முன்னால் வைத்துக்கொள்கிறார்கள்.

இழப்பீட்டுக்கென்று நமக்கு ஒரு முழுச் சட்டம் வந்திருக்க வேண்டியது. இந்திய அரசு கேட்டு, ஃபிரெடரிக் போலாக் 1886இல் ஒரு மசோதா எழுதிக் கொடுத்தார். அது சட்டமாகவே இல்லை. அவருடைய பாடப்புத்தகத்தின் பின்னிணைப்பாக மிஞ்சியது. அதனால் இன்றும் நம் கோர்ட்டுகள் ரைலண்ட்ஸையும் பவரையும் தேடிப் போகின்றன. டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில்தான், 1986 டிசம்பரில், ஆபத்தான தொழில்களுக்கு ரைலண்ட்ஸின் விதிவிலக்குகளும் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஒரு படி தாண்டியது.

இதெல்லாம் கோர்ட்டுக்குப் போக முடிந்தவர்களின் வரலாறு. காரமடையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2 அதிகாலை, தொடர்மழையில் ஊறிய ஒரு தனியார் வீட்டின் கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்திலிருந்த தலித் குடும்பங்களின் வீடுகள் மேல் விழுந்தது. சுமார் 20 அடி உயரச் சுவர். தூக்கத்தில் 17 பேர் செத்தார்கள், குழந்தைகளும் பெண்களும் சேர்த்து. இதற்கு எந்தக் காண்ட்ராக்டரும் தேவைப்படவில்லை, மண்ணைத் தாங்கும் உரிமை பற்றிய 20 வருஷக் கணக்கும் தேவைப்படவில்லை. தன் நிலத்தில் எழுப்பிய ஒன்று அடுத்தவர் மேல் விழுந்தால் என்ன என்ற பிளாக்பர்னின் கேள்வி மட்டும் அப்படியே இருந்தது. அதைத் தீண்டாமைச் சுவர் என்றார்கள் அங்கு திரண்டவர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடக் கேட்டுப் போராடியவர்கள் மேல் தடியடி நடந்தது. வீட்டுக்காரர் கைதானார், அரசு நிவாரணம் அறிவித்தது. ஃபிளெட்சருக்கு மூழ்கியது நிலக்கரி. அவரால் ஏழரை வருஷம் காத்திருந்து வாதாட முடிந்தது.

நடூர் மக்கள் அன்று செய்தியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். அந்தச் சுவர் ஆபத்தாக இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தோம்.